இனவாதத்தை அறிதலும் எதிர்த்தலும்: கியா பார்ம் சாலையிலிருந்து ஒரு பார்வை

பிரிஞ்சாங் நகரைக் கடந்து மேலே ஏறும் சாலையில் கியா பார்ம் சந்தை இருக்கிறது. பள்ளி விடுமுறை நாள்களில் அங்கே வாகனங்கள் ஓடுவதில்லை, ஊர்கின்றன. சோளம், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, ஸ்ட்ராபெரி, முட்டைக்கோசு, தேயிலைப் பொட்டலம், பூந்தொட்டி என்று சமவெளியிலிருந்து வருவோர் வாங்கிச் செல்வன யாவும் அங்கே கிடைக்கும். ஆசிரியர்கள் மாணவரைச் சுற்றுலாவாக அழைத்துச் செல்லும் இடமும் அதுவே. அடுத்த முறை செல்லும்போது, பொருள்களை விட்டு மனிதரை மட்டும் ஐந்து நிமிடம் நோக்கும்படி மாணவரிடம் கூறலாம். சரிவுகளில் நெகிழிக் கூரையிட்டுக் காய்கறி விளைவிப்போர் பெரும்பாலும் சீனர். கடை வைத்திருப்போரில் சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் உண்டு. தோட்டத்தில் கூடை சுமப்பவரும் மருந்து தெளிப்பவரும் வங்காளதேசத்தவர், நேப்பாளத்தவர், இந்தோனேசியர், மியன்மார் நாட்டவர். இம்மலையின் சாலையோரங்களில் சிறு கொட்டகை போட்டுப் பெத்தாய்க் காயும் காட்டுத் தேனும் விற்பவர் செமாய் மக்கள். மற்ற எல்லாருக்கும் முன்னரே இங்கு வாழ்ந்தவர்கள் அவர்கள்.

அங்கே யாரும் யாரையும் திட்டுவதில்லை. பேரம் நடக்கிறது, சிரிப்பும் உண்டு. ஆயினும் ஒருவருடைய முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் அவர் நிலத்துக்குரியவரா, கடைக்குரியவரா, கூடைக்குரியவரா என்பதை நாம் ஊகித்துவிடுகிறோம். பெரும்பாலும் அந்த ஊகம் சரியாகவும் இருக்கிறது. இந்த ஊகம் ஏன் சரியாக இருக்கிறது என்னும் வினாவிலிருந்துதான் இக்கட்டுரை தொடங்குகிறது.

நம் மொழியில் இப்பொருளுக்குப் பல சொற்கள் வழங்குகின்றன: இனவெறி, இனவாதம், இனப்பாகுபாடு, இனத்துவேசம். நாளிதழ்த் தலைப்புகளில் மிகுதியாகக் காணப்படுவது இனவெறி. வெறி என்றதும் சிவந்த கண்ணும் ஓங்கிய கையும் எரியும் கடையும் மனத்தில் தோன்றுகின்றன. அத்தகைய நாள்களை இந்நாடு 1969 மே 13இல் கண்டது. இலங்கைத் தமிழர் 1983 ஜூலையில் கண்டனர். அவற்றை மறக்க இயலாது. எனினும் அச்சொல் நம்மை ஒரு வகையில் ஏமாற்றுகிறது. வெறியில்லாத நாள்களில் இனவாதமும் இல்லை என்று எண்ணச் செய்கிறது. செக்ரோல் புத்தகத்தில் வெறி இல்லை. வாடகை அறைக்கான விளம்பரத்தில் 'இன்ன இனத்தவர்க்கு மட்டும்' என்று அச்சிடுபவர் யார்மீதும் சினங்கொண்டு அதைச் செய்வதில்லை. ஒருவர் வந்து நிற்பதற்கு முன்னரே அவருக்குரிய வேலை, கூலி, இருப்பிடம், அழைக்கும் பெயர் ஆகியவற்றை அவருடைய பிறப்பைக் கொண்டு தீர்மானித்து வைக்கும் ஏற்பாட்டையே நாம் இங்கே இனவாதம் என்கிறோம். வெறுப்பு பெரும்பாலும் பின்னால் வருகிறது. அந்த ஏற்பாட்டை யாரேனும் அசைக்க முற்படும்போது காவலாளியாக வருகிறது.

இந்த ஏற்பாட்டுக்கு உடற்கூற்றில் அடிப்படை உண்டா என்று மாணவர் கேட்பர். சுருக்கமான விடை, இல்லை என்பதே. மனிதரிடையே காணப்படும் மரபணு வேறுபாட்டில் ஏறத்தாழ 85 விழுக்காடு ஒரே மக்கள் கூட்டத்துக்குள்ளேயே இருக்கிறது என்று 1972இல் ரிச்சர்டு லெவான்டின் காட்டினார். இனங்களுக்கிடையே உள்ளது சிறு பகுதியே. தோலின் நிறம் வெயிலோடு தொடர்புடைய செய்தி. அறிவோடும் உழைப்போடும் அதற்கு உறவில்லை. இதை அறிவியல் பாடத்தில் ஒரு வகுப்பு வேளைக்குள் சொல்லி முடித்துவிடலாம். வரலாற்றுக்குத்தான் அதிக நேரம் வேண்டும்.

பட்டியலும் மலையும்

நீரிணைக் குடியேற்றங்களின் தொடக்கக்கால மக்கள் கணக்கெடுப்புகளில் மக்கட்பிரிவுகள் ஒரு நீண்ட பட்டியலாகவே வந்தன. 1891ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அவை ஒரு சில பெருந்தலைப்புகளின் கீழ்த் தொகுக்கப்பட்டன. ஐரோப்பியர், சீனர், மலாய்க்காரர் முதலிய தலைப்புகளோடு 'தமிழரும் ஏனைய இந்தியச் சுதேசிகளும்' என்றொரு தலைப்பும் அமைந்தது. அன்று அலுவலகத்தின் வசதிக்காக இடப்பட்ட கோடுகள் இன்றும் நம் பள்ளிப் படிவங்களில் இருக்கின்றன. கோடு போட்டபின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு குணம் வழங்கப்பட்டது. தமிழன் அடங்கியவன், சீனன் உழைப்பாளி, ஆனால் அடங்காதவன், மலாய்க்காரன் சோம்பேறி. அந்நிய முதலாளியின் தோட்டத்துக்குக் குறைந்த கூலிக்கு வர மறுத்துத் தன் வயலையே உழுதவனுக்குச் சோம்பேறிப் பட்டம் கிடைத்தது. இந்தப் பட்டம் எவ்வாறு உருவாயிற்று என்பதைச் சையது உசேன் அலத்தாஸ் 1977இல் ஒரு நூலாகவே எழுதினார். அதன் தலைப்பைத் 'சோம்பேறிச் சுதேசி என்னும் கட்டுக்கதை' என்று நாம் தமிழாக்கலாம். ஆசிரியர் ஒவ்வொருவரும் படிக்கத்தக்க நூல் அது. மலாய்க்காரரைப் பற்றிய கட்டுக்கதையும் தமிழரைப் பற்றிய கட்டுக்கதையும் ஒரே தொழிற்சாலையில் வார்க்கப்பட்டவை என்பது அதைப் படித்தால் விளங்கும்.

கேமரன் மலையே இந்தப் பகுப்பின் ஒரு காட்சிக்கூடம். 1885இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் இம்மேட்டுநிலத்தைக் குறித்தார். அவர் பெயரே மலைக்கு நிலைத்தது. 1925இல் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்தபின் இதனை மலைவாழிடமாக்கும் பணி விரைவு பெற்றது. தாப்பாவிலிருந்து சாலை வந்தது. வெப்பத்தால் வாடிய ஐரோப்பியர் இளைப்பாறவும், அவர்தம் பிள்ளைகள் குளிரில் வளரவும் இம்மலை வேண்டப்பட்டது. 1934இல் தானா ராத்தாவில் ஆங்கிலேயப் பிள்ளைகளுக்கான தாங்ளின் உறைவிடப் பள்ளி திறக்கப்பட்டது. அதே ஆண்டுகளில்தான் தேயிலைத் தோட்டங்களும் தோன்றின. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் தோட்டம் உருவாயிற்று. சரிவைத் திருத்தவும் கன்று நடவும் கொழுந்து பறிக்கவும் தமிழர் வந்தனர். அவர்தம் பிள்ளைகளின் கல்விக்கும் சட்டம் ஒன்று இருந்தது. 7 முதல் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் ஒரு பள்ளி நடத்த வேண்டும் என்பது தொழிலாளர் சட்டத்தின் விதி. ஒரே மலை, ஒரே குளிர், ஒரே காலம். ஒரு பள்ளி பிள்ளைகளை இங்கிலாந்தின் உயர்நிலைப் பள்ளிகளுக்கு ஆயத்தம் செய்தது. மற்றொன்று, பெயர் எழுதத் தெரிந்த கொழுந்து பறிப்பவரை உருவாக்கியது. எந்தப் பிள்ளை எந்தப் பள்ளிக்கு என்பதை யாரும் தேர்வு வைத்து முடிவு செய்யவில்லை. மலாயாவின் உயர் ஆட்சிப்பணியும் அவ்வாறே இருந்தது. 1904 முதல் தாய், தந்தை ஆகிய இருவழியிலும் ஐரோப்பியரே அதற்குரியவர் என்று விதி எழுதிவைத்திருந்தனர்.

மிதிவண்டி

தமிழரின் கூலி எவ்வாறு வகுக்கப்பட்டது என்பதை இங்கே விரிவாகக் கூற வேண்டும். இனவாதம் எண்களாக மாறும் விதம் அதில் தெளிவாகத் தெரியும். 1920களின் பிற்பகுதியில் போக்குவரத்து வசதியுள்ள தோட்டங்களில் தமிழ் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் தரக்கூலியாக அமைந்தன. பொருளாதார மந்தத்தில் அவை மேலும் குறைந்தன. இத்தொகை, செய்த வேலையின் மதிப்பைக் கொண்டு வகுக்கப்படவில்லை. ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு எவ்வளவு அரிசி, எவ்வளவு பருப்பு, எவ்வளவு துணி போதும் என்று கணக்கிட்டு அதிலிருந்து வகுத்தனர். சீனத் தொழிலாளர் ஒப்பந்தக்காரர் வழியாக வந்தனர். வேலையின் அளவுக்கேற்பப் பெற்றனர். பிடிக்காவிட்டால் வேறிடம் சென்றனர். அதே மரத்தில் அதே பாலைச் சீவியவரிடையே சீனர் மிகுதியாகப் பெற்றார். தமிழனுக்குத் தேவை குறைவு என்பது காரணமாகக் கூறப்பட்டது. குறைந்த கூலியால் வந்த எளிய வாழ்க்கையைச் சுட்டிக்காட்டி, அதனையே குறைந்த கூலிக்கு நியாயமாக்கினர்.

1941இன் முற்பகுதியில் சிலாங்கூர் மாநிலத்தின் கிள்ளான் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் இந்த நியாயம் மறுக்கப்பட்டது. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கமும் அதன் தலைவர்களுள் ஒருவரான ஆர். எச். நாதனும் தொழிலாளரை ஒன்றுதிரட்டினர். ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்தினர். மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டுப் பின்னர் நாடு கடத்தப்பட்டார். நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது, படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். சில மாதங்களில் ஜப்பானியப் படையெடுப்பு வந்து நாட்டின் கவனத்தை வேறுபக்கம் திருப்பிவிட்டது. நம் பள்ளிகளில் இவ்வேலைநிறுத்தத்தைப் பற்றி மிகச் சிறிதே கற்பிக்கப்படுகிறது.

அன்றைய கோரிக்கைப் பட்டியலை நிதானமாகப் படிக்க வேண்டும். சீனத் தொழிலாளருக்கு ஈடான கூலி முதலில் நிற்கிறது. பிள்ளைகளுக்கு முறையான கல்வி, நல்ல மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல், பத்துப் பன்னிரண்டு மணி நேர வேலையை ஒழித்தல், சங்கம் அமைக்கவும் கூடிப் பேசவும் உரிமை, உற்றார் உறவினர் தோட்டத்துக்குள் தடையின்றி வந்து செல்லும் உரிமை, தொழிலாளர் வீட்டுப் பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்துதல் ஆகியவை தொடர்கின்றன. இவற்றிடையே ஒன்று, முதல் பார்வையில் அற்பமாகத் தோன்றும். துரையோ அலுவலரோ எதிர்ப்படும்போது தொழிலாளர் மிதிவண்டியில் ஏறிச் செல்ல அனுமதி வேண்டும் என்பதே அது. அதுவரை வழக்கம் வேறு. துரையின் வண்டி வளைவில் தெரிந்தால் தொழிலாளி மிதிவண்டியிலிருந்து இறங்கி ஓரமாக நிற்க வேண்டும்.

கூலிக்காகத் துப்பாக்கியை எதிர்கொள்ள அணியமான மக்கள், மிதிவண்டியை ஏன் அதே தாளில் எழுதினர்? இரண்டும் ஒன்று என்பதை அறிந்திருந்தமையால் எழுதினர் என்றே நாம் கருதுகிறோம். நாள்தோறும் சாலையில் இறங்கி நிற்பவனுக்கு, தன் கூலி ஏன் குறைவு என்று கேட்கும் துணிவு எளிதில் வருவதில்லை. இறங்கி நிற்பதைப் பழக்கமாக்கியவர்க்கு இது நன்கு தெரியும்.

அப்பட்டியலில் நாம் வியக்கும் மற்றொன்றும் உண்டு. சீனருக்கு ஈடான கூலி கேட்டவர்கள், சீனரின் கூலியைக் குறைக்குமாறு கேட்கவில்லை. வேற்றினத் தொழிலாளியைப் பகைவனாக்காமல் கேள்வியை முதலாளியிடமே வைத்தனர். அதேவேளையில் அப்பட்டியல் குற்றங்குறையற்றது என்றும் கூறுவதற்கில்லை. கொடுமை செய்த அலுவலரை நீக்கித் தமிழ் பேசுவோரை அமர்த்த வேண்டும் என்னும் கோரிக்கையும் அதில் இருந்தது. அன்றைய கிராணிகளில் மலையாளிகளும் யாழ்ப்பாணத்தவரும் மிகுதி. அவர்கள் 'கறுப்பு ஐரோப்பியர்' எனப்பட்டனர். துரையின் தொப்பியை அணிந்தவன் எந்த நிறத்தவனாயினும் துரையாகவே நடப்பான் என்பது தொழிலாளரின் அனுபவம், அது உண்மை. ஆயினும் கொடுமை பதவியிலிருந்து வந்ததா பிறந்த இடத்திலிருந்து வந்ததா என்பதை அக்கோரிக்கை தெளிவாகப் பிரிக்கவில்லை.

மூன்று சொற்கள்

மொழியைப் பேணும் மன்றத்தின் வெளியீட்டில் சொற்களைப் பற்றிச் சற்று நின்று பேசுதல் தகும். தமிழில் கூலி என்பது உழைப்புக்குப் பெறும் ஊதியம். ஆங்கிலேயரின் பதிவேடுகளில் அது மனிதன் ஆயிற்று. அச்சொல்லின் மூலம் தமிழே என்பாரும், குசராத்துப் பக்கத்து மக்கட்பெயர் ஒன்றிலிருந்து வந்தது என்பாரும் உளர். எதுவாயினும், ஊதியத்தின் பெயரால் மனிதனை அழைப்பது அவன் ஊதியத்துக்கு வெளியே எதுவும் இல்லாதவன் என்று கூறுவதாகும். கெலிங் என்பது பழைய மலாய் இலக்கியங்களில் கலிங்கத்தை ஒட்டிய வெறும் இடப்பெயர். பினாங்கின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் அப்பெயரைக் கூச்சமின்றித் தாங்கி நிற்கிறது. பிற்காலத்தில் அது வசவாயிற்று. 'பழைய நூலில் இருக்கிறதே, வசவன்று' என்று வாதிடுவோர் சொல்லின் பிறப்பைக் காட்டுகின்றனர். நமக்கு வலிப்பதோ அதன் வளர்ப்பு.

மூன்றாவது சொல் நம் வாயிலும் புழங்கியது. மலையின் பூர்வகுடி மக்களை அந்நாளில் அரசும் அறிஞரும் சக்காய் என்று எழுதினர். அடிமை, ஏவலுக்குரியவன் என்னும் பொருள் நிழல் அதற்கு உண்டு. நாகரிகம் அறியாதவன் என்று ஏச அச்சொல்லைப் பலரும் பயன்படுத்தினர். தோட்டத்துத் தமிழரும் விதிவிலக்கல்லர். 1960களில் அரசு ஒராங் அஸ்லி என்னும் பெயரை ஏற்றது. மூத்த குடிமக்கள் என்பது அதன் பொருள். செமாய், தெமியார் முதலியோரை அடக்கிய தொகுதிக்கு வழங்கும் செனோய் என்னும் பெயரோ அவர்களுடைய சொந்த மொழியில் 'மனிதர்' என்னும் சொல்லிலிருந்தே வந்தது. தம்மை மனிதர் என்று அழைத்துக்கொண்டவரைப் பிறர் அடிமை என்று மொழிபெயர்த்தனர்.

நாம் இரு பக்கமும் நின்றவர்கள் என்பதை 2011ஆம் ஆண்டும் நினைவூட்டியது. தேசிய இலக்கியவாதி அப்துல்லா உசேனின் 'இண்டர்லோக்' புதினம் ஐந்தாம் படிவ மாணவருக்குப் பாடநூலாக்கப்பட்டது. இந்தியக் குடியேறிகளைச் சித்திரிக்கையில் அந்நூல் 'பறையா' என்னும் சொல்லை ஆண்டிருந்தது. எதிர்ப்பு எழுந்தது, திருத்தம் பேசப்பட்டது, ஆண்டின் இறுதியில் நூல் பாடத்திலிருந்து விலக்கப்பட்டது. ஒரு சமூகம் முழுவதையும் ஒரே வார்ப்பில் அடைத்துப் பாடமாக்குவதை எதிர்த்தது நியாயமே. ஆனால் அந்நாளில் எழுந்த குரல்கள் யாவும் ஒன்றல்ல. ஒரு மக்களின் பெயரை வசவாக்கலாகாது என்றது ஒரு குரல். 'எங்களைப் போய் அவர்களென்று எழுதலாமா' என்றது வேறொரு குரல். முதற்குரல் இனவாதத்தை எதிர்த்தது. இரண்டாவது, பிறர் தந்த இழிவைத் தன் வீட்டுப் பின்கட்டுக்குத் தள்ளிவிட்டது. அவ்வசவுச் சொல் ஆங்கிலத்துக்கும் மலாய்க்கும் எங்கிருந்து சென்றது என்பதை நாம் அறிவோம். சாதிவாரியாக லயங்கள் ஒதுக்கப்பட்ட தோட்டங்கள் இருந்தன என்பதையும் அறிவோம். துரை செய்த ஒதுக்கீட்டை நாம் மறுத்த இடங்களும் உண்டு. கேட்டுப் பெற்ற இடங்களும் உண்டு.

இன்று கொழுந்து பறிப்பவர்

தமிழரின் பிள்ளைகள் பெரும்பாலும் தோட்டத்தை விட்டு ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் சென்றுவிட்டனர். அது நல்லதே. அவர்கள் விட்ட இடத்தில் இன்று கத்திரியும் கூடையும் பிடித்து நிற்பவர் பெரும்பாலும் அயல்நாட்டவர். அவர்களைப் 'பங்ளா' என்று அழைப்பது மலாய், சீன, தமிழ்ப் பேச்சு மூன்றிலும் இயல்பாகிவிட்டது. நேப்பாளத்திலிருந்து வந்தவரும் அப்பெயருக்குள் அடைக்கப்படுகிறார். கூலி என்னும் சொல் செய்த வேலையை இன்று இச்சொல் செய்கிறது. அதைச் சொல்லும்போது நம் குரலில் பகை இல்லை. எனவே அதில் இனவாதம் இல்லை என்று நம்புகிறோம்.

நம் வரலாறு இங்கே நமக்கு உதவ வேண்டும். 1968ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, 1969 முதல் குடியுரிமை இல்லாதவர் வேலை செய்யப் பெர்மிட் பெற வேண்டியதாயிற்று. பிறந்தது முதல் தோட்டத்தை அன்றி வேறு ஊர் அறியாத பல்லாயிரம் தமிழர் அப்பெர்மிட் இன்மையால் நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் கப்பலேறினர். இலங்கை மலையகத்தில் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இதனினும் பெரிய அளவில் இதையே செய்தது. இவ்விரு நாட்டிலும் சட்டம் இனத்தைப் பெயர் சொல்லிக் குறிக்கவில்லை, தாளைத்தான் கேட்டது. தாள் இல்லாதவர் யாவர் என்பது ஏற்கெனவே தெரிந்திருந்தது.

இன்றைய அயல்நாட்டுத் தொழிலாளியின் வேலை அனுமதி ஒரே முதலாளியோடு பிணைக்கப்பட்டது. குடும்பத்தை அழைத்து வரவும் இங்கு மணம் புரியவும் அவருக்கு அனுமதி இல்லை. குறைந்தபட்ச ஊதியச் சட்டம் 2013இல் நடைமுறைக்கு வந்தது முதல் அவருக்கும் உரியது. 2025இல் அத்தொகை 1,700 ரிங்கிட் ஆயிற்று. சட்டத்தில் கூலி ஈடாகிவிட்டது என்பது பெரிய செய்தி. 1941இல் கேட்டது அதுதான். ஆனால் பிடித்தங்களும், முகவருக்குத் தந்த கடனும், முதலாளி வாங்கி வைத்துக்கொள்ளும் கடப்பிதழும் அந்த ஈட்டைக் கரைத்துவிடும். பிறருடைய கடப்பிதழை வைத்துக்கொள்வது 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம் என்பதைத் தொழிலாளரும் அறியார். முதலாளிகளிலும் பலர் அறியாதவர்போல் இருப்பர்.

செமாய் மக்களின் நிலை வேறு. அவர்களுக்குக் கடப்பிதழ்ச் சிக்கல் இல்லை, நிலமே சிக்கல். காடாக இருந்தவரை அவர்கள் வாழ்ந்த இடங்கள், பட்டா இல்லாத காரணத்தால், வெற்றிடமாக எழுதப்பட்டன. 2011 ஆகஸ்டில் பிரிஞ்சாங்கை அடுத்த சுங்கை ருயில் பூர்வகுடிக் குடியிருப்பில் மண்சரிந்து எழுவர் இறந்தபோது, அப்படியொரு குடியிருப்பு அங்கே இருப்பதையே சுற்றுலா வந்தோர் பலர் முதன்முதலாகக் கேள்வியுற்றனர். 2019 ஜனவரியில் கேமரன் மலை நாடாளுமன்றத் தொகுதியின் இடைத்தேர்தலில் ரம்லி முகமது நோர் வென்றார். மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பூர்வகுடி உறுப்பினர் அவர். அதுவரை தேசிய முன்னணி அத்தொகுதியில் இந்தியரையே நிறுத்தி வந்தது. 'நம் தொகுதி போயிற்றே' என்று நம்மவர் சிலர் வருந்தினர். அரசியல் இடம் குறைந்து வரும் சிறுபான்மையின் வருத்தம் புரியக்கூடியதே. ஆனால் மலையின் மூத்த குடி மலைக்காகப் பேச நாடு விடுதலை பெற்று அறுபதாண்டுக்கு மேல் ஆனதை அவ்வருத்தம் கணக்கில் கொள்ளவில்லை.

செய்யக்கூடியன

அரசியலமைப்பின் 8ஆம் உறுப்பு சமயம், இனம், வம்சாவளி, பிறப்பிடம், பால் ஆகியவற்றை மட்டும் கொண்டு பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. அரசியலமைப்பே வெளிப்படையாக அனுமதித்தவை அதற்கு விலக்கு. 153ஆம் உறுப்பைப் பற்றிய வாதம் தனியொரு சொற்பொழிவுக்குரியது. இங்கே அதற்குள் நாம் புகவில்லை. ஐக்கிய நாடுகள் அவை 1965இல் ஏற்ற இனப்பாகுபாட்டு ஒழிப்பு உடன்படிக்கையை மலேசியா ஏற்காது என்று 2018 நவம்பரில் அரசு அறிவித்தது. 8ஆம் உறுப்பின் காப்பு அரசின் செயல்களுக்கு எதிரானது. தனியாருக்கு இடையிலான உறவுக்கு அது எட்டாது என்பது 2005இல் கூட்டரசு நீதிமன்றம் கூறிய நிலைப்பாடு. எனவே வீட்டு உரிமையாளர் தொலைபேசியில் 'என்ன இனம்' என்று கேட்டு வைத்துவிடும்போது, அரசியலமைப்பு அந்த வாசலில் வந்து நிற்பதில்லை. வேலையிடத்துக்கு ஒரு வழி திறந்திருக்கிறது. 2023 ஜனவரி முதல் நடப்பிலுள்ள வேலைவாய்ப்புச் சட்டத் திருத்தத்தின்படி, வேலையிடப் பாகுபாடு பற்றிய முறையீட்டைத் தொழிலாளர் இலாகாவின் தலைமை இயக்குநர் விசாரிக்கலாம். 1999ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த மனித உரிமை ஆணையமும் முறையீடுகளைப் பெறுகிறது. இவ்விரண்டுக்கும் வேண்டியது சினம் அன்று, குறிப்பு. எந்த நாள், எத்தனை மணி, யார், எந்தச் சொல், அருகில் யார் என்பனவற்றை அன்றைக்கே எழுதி வைத்தவரின் முறையீடு நிற்கிறது. மாணவருக்குக் கடிதம் எழுதக் கற்பிக்கும் நாம், நண்பனுக்கு வாழ்த்துக் கடிதத்தோடு இதையும் ஒரு பயிற்சியாக வைக்கலாம்.

வகுப்பறையில் நேர்வது பெரும்பாலும் கேலி. ஒரு மாணவன் இன்னொருவனின் நிறத்தையோ இனத்தையோ சொல்லிச் சிரிக்கிறான். 'ஏன் அவனை வெறுக்கிறாய்' என்று ஆசிரியர் கேட்டால் 'விளையாட்டுக்குத்தான் ஐயா' என்பான். அது பொய்யும் அன்று. அவன் நெஞ்சில் வெறுப்பைத் தேடுவது வீண். 'இந்தச் சொல்லைக் கேட்டவன் இனி எங்கே உட்காருவான், யாரோடு விளையாடுவான்' என்று கேட்பது பயன் தரும். சொல் இருப்பிடத்தைத் தீர்மானிப்பதை அப்போது அவனே காண்பான். கேலிக்குள்ளான பிள்ளையை வகுப்பின் முன் எழுப்பி 'உனக்கு வலித்ததா' என்று வினவுதல் கூடாது. அதுவும் அவனை ஒரு காட்சிப்பொருளாக்கும். தனியே அழைத்து, என்ன செய்ய வேண்டும் என அவன் கருதுகிறான் என்பதைக் கேட்டபின் செயற்படுவதே முறை. கறுப்பை அழுக்கோடு இணைக்கும் சொற்றொடரும், சிவப்பே அழகென்னும் வருணனையும் நம் பாடல் பயிற்சியிலும் நாடகத்திலும் வரும்போது, அவற்றை யாருக்கும் வலிக்காதவை என எண்ணிக் கடந்து போகிறோம். கறுத்த சிறுமி ஒருத்தி எப்போதும் தோழி வேடத்திலேயே நிற்பதை யாரேனும் எண்ணிப் பார்த்ததுண்டா?

வீடு வாடகைக்கு விடும் தமிழரும் நம்மிடையே உளர். தமக்கு மறுக்கப்பட்டதைக் கூறி மனம் நொந்தவரே, தம் வீட்டுக்கு ஆப்பிரிக்க மாணவர் வந்தபோது மறுத்ததை நாம் கேட்டிருக்கிறோம். காரணம் கேட்டால் அக்கம்பக்கத்தார் விரும்பமாட்டார் என்பர். தமக்கு வீடு மறுத்தவரும் அக்காரணத்தையே சொல்லியிருக்கக்கூடும்.

ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சியைக் கூறி அமைகிறோம். 1941ஆம் ஆண்டுக் கோரிக்கைகளைக் கரும்பலகையின் இடப்பக்கம் எழுதுக: ஈடான கூலி, மருத்துவம், வேலை நேரம், சங்க உரிமை, உறவினர் வந்து போதல், பெண்களின் பாதுகாப்பு, மிதிவண்டி. பிறகு மாணவரைக் கியா பார்முக்கோ அருகிலுள்ள தோட்டத்துக்கோ அழைத்துச் சென்று, இசைவு பெற்று, அங்கு வேலை செய்பவரிடம் முதலில் அவருடைய பெயரையும் ஊரையும் கேட்கச் செய்க. அவர் பேச விரும்பினால், எந்தக் கோரிக்கைகள் அவருக்கு நிறைவேறியுள்ளன என்று கேட்டு வலப்பக்கத்தை நிரப்பலாம். பேச விரும்பாவிட்டால் அதையும் எழுத வேண்டும்; அச்சத்துக்கும் ஒரு கட்டம் உண்டு. மிதிவண்டிக்கு நேரே என்ன எழுதுவது என்பதில் மாணவரிடையே வாதம் எழும். அதற்கு ஒரு முழு வகுப்பு வேளையை ஒதுக்கி வைக்குமாறு வேண்டுகிறோம்.